சொல்லப்படாததும் மறுக்கப்பட்டதும்: சி நிரலில் அமைவு மேக்ரோக்களைச் சோதிக்கும் முறை

ஒரே மூலநிரலைக் கொண்டு பலவகைக் கணினிகளுக்கு ஏற்ற மென்பொருளை உருவாக்க முடிவது சி மொழியின் பெரும் வலிமைகளுள் ஒன்று. கைபேசி, மடிக்கணினி, வங்கியின் சேவையகம், சென்னை ஐஐடியில் வடிவமைக்கப்பட்ட சக்தி செயலி ஆகிய அனைத்திலும் ஓடும் லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, அடிப்படையில் ஒரே மூலநிரல் தொகுதிதான். எந்தக் கருவிக்கு எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்பதை நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, அது தொகுக்கப்படும் வேளையிலேயே முடிவு செய்யும் பெயர்களே அமைவு மேக்ரோக்கள். அந்தப் பெயர்களைச் சோதிக்கும் முறையில் நேரும் சிறு பிழை எந்த எச்சரிக்கையும் இன்றி ஒரு வசதியை நீக்கிவிடவோ, நீக்கப்பட வேண்டிய ஒன்றைத் தக்கவைத்துவிடவோ கூடும் என்பதால், இது நிரலாளர் ஒவ்வொருவரும் கருத்தூன்றிக் கற்க வேண்டிய பாடமாகிறது.

இதன் விளைவு தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை எட்டுகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, மூலநிரல் முழுவதையும் திறந்து படிக்கக்கூடிய ஓர் இயங்குதளம் இவ்வாறு கைக்கெட்டியது. பல நிறுவனங்கள் பல ஆண்டுகளில் தயாரித்த மடிக்கணினிகளில் ஒரே கர்னல் ஓட வேண்டுமாயின், வைஃபை சில்லு, ஒலி அட்டை, தொடுபலகை என ஒவ்வொரு வன்பொருளுக்கும் உரிய இயக்கி நிரலைத் தனித்தனிக் கூறாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அமைவு மேக்ரோக்களின் மிக நுட்பமான சிக்கல் பிறப்பதும் இந்தத் தனிக்கூறு ஏற்பாட்டில்தான்.

மேக்ரோவைப் புரிந்துகொள்ள முன்செயலி என்னும் நிரலைப் பற்றி முதலில் அறிய வேண்டும். சி மூலநிரல் நிரல்பெயர்ப்பியின் கைக்குச் செல்லும் முன், # குறியில் தொடங்கும் வரிகளைப் படித்து, அவை சொல்லும்படி உரையை வெட்டியும் ஒட்டியும் மாற்றும் பணியை முன்செயலி செய்கிறது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் சி++ பயிலும் மாணவர் நிரலின் முதல் வரியாக எழுதும் #இன்குளூட் என்பதும் முன்செயலிக்கான ஆணையே. #டிஃபைன் என்னும் ஆணை ஒரு பெயருக்கு ஒரு மதிப்பை வரையறுக்கிறது, அப்பெயரே மேக்ரோ. #இஃப், #இஃப்டெஃப் ஆகிய ஆணைகள் ஒரு நிபந்தனையைச் சோதித்து, அது பொய்யானால், #எண்டிஃப் வரும் வரையுள்ள வரிகளை நிரல்பெயர்ப்பியின் கண்ணில் படாமலே நீக்கிவிடுகின்றன.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்த 1972-73 காலத்தில், ஓரளவு ஆலன் ஸ்னைடரின் தூண்டுதலால் சேர்க்கப்பட்ட முன்செயலி, தொடக்கத்தில் கோப்புகளைச் சேர்ப்பதையும் எளிய பெயர் மாற்றீட்டையும் மட்டுமே செய்தது. நிபந்தனைத் தொகுப்பு என்னும் வசதி, பெரும்பாலும் மைக் லெஸ்க், ஜான் ரைசர் ஆகியோரின் கைவண்ணத்தால், சிறிது காலம் கழித்தே வந்தது. மொழியின் இலக்கணத்தை அறியாமல் உரையை மட்டும் கையாளும் கருவியாக முன்செயலி பிறந்தது. அந்த இயல்பு இன்றளவும் மாறவில்லை. மாறிகளுக்கு வகை கேட்டு, அறிவிக்கப்படாத பெயரைக் கண்டால் பிழை என்று நிறுத்தும் நிரல்பெயர்ப்பியின் கண்டிப்பு முன்செயலிக்குக் கிடையாது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. அதன் மதிப்பு என்ன என்பது மற்றொன்று. #இஃப்டெஃப் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறது. #இஃப் இரண்டாவதைக் கேட்கிறது. 'வலை_வசதி' என்னும் மேக்ரோவுக்கு 0 என்று மதிப்பளித்து, அந்த வசதி வேண்டாம் என்று ஒருவர் அமைவுக் கோப்பில் எழுதியிருக்க, நிரலின் உட்பகுதியில் மற்றொருவர் #இஃப்டெஃப் வலை_வசதி என்று சோதித்தால், பெயர் வரையறுக்கப்பட்டிருப்பதால் விடை ஆம் என்றாகி, வேண்டாம் என்று சொல்லப்பட்ட பகுதியே தொகுக்கப்படுகிறது. மதிப்பு எதுவும் தராமல் #டிஃபைன் வலை_வசதி என்று எழுதியவர் #இஃப் வலை_வசதி என்று சோதித்தால், ஆராய்வதற்குக் கோவை எதுவும் இல்லை என்று முன்செயலி பிழை காட்டி நின்றுவிடும். அதே பெயரை ஜிசிசி போன்ற நிரல்பெயர்ப்பிக்கு ஆணை வரியில் -டி என்னும் தெரிவின் வழியாக மதிப்பின்றிக் கொடுத்தாலோ, அதற்கு 1 என்ற மதிப்பு தானாகவே வந்து சேர்கிறது. மேக்ரோவை வரையறுப்பவரும் சோதிப்பவரும் ஒரே மரபைக் கைக்கொள்ளாவிட்டால், இருவரும் தனித்தனியே இலக்கணப்படி சரியாக எழுதியும் முடிவு தவறாகிறது.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. #இஃப் வரியில் வரும் பெயர் எங்குமே வரையறுக்கப்படாதிருந்தால் அதை 0 என்று கொள்ள வேண்டும் என்பது சி மொழித் தரத்தின் விதி. விண்ணப்பப் படிவத்தில் நிரப்பாமல் விடப்பட்ட கட்டத்தை 'இல்லை' என்ற விடையாகப் பதிவு செய்துகொள்ளும் எழுத்தரைப் போல, முன்செயலி சொல்லப்படாததையும் மறுக்கப்பட்டதையும் ஒன்றாகவே நடத்துகிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். மேக்ரோவை வரையறுக்கும் தலைப்புக் கோப்பு, அதாவது #இன்குளூட் வழியாகச் சேர்க்கப்படும் கோப்பு, இணைக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். பழைய பெயர் கைவிடப்பட்டுப் புதியது வந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான்: 0.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பைட் வரிசைச் சோதனை. ஓர் எண்ணின் பைட்டுகளை நினைவகத்தில் பெரிய மதிப்பிலிருந்து தொடங்கி அடுக்குவது பிக் எண்டியன்; சிறிய மதிப்பிலிருந்து தொடங்குவது லிட்டில் எண்டியன். மடிக்கணினிகளில் உள்ள இன்டெல் செயலிகள் லிட்டில் எண்டியன் முறையைக் கைக்கொள்கின்றன. இதைக் கண்டறிய, #இஃப் பைட்_ஆர்டர் == பிக்_எண்டியன் என்று எழுதுவது வழக்கம். இவ்விரு பெயர்களையும் வரையறுக்கும் தலைப்புக் கோப்பை இணைக்க மறந்துவிட்டால், இரண்டும் 0 ஆகி, நிபந்தனை 0 == 0 என்று சுருங்கி, உண்மை என்றாகிறது. லிட்டில் எண்டியன் கணினிக்கு பிக் எண்டியன் நிரல் தொகுக்கப்படுகிறது. தொகுப்பின்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. வலையில் அனுப்பிய எண்கள் தலைகீழாகச் சென்று சேரும்போதுதான் தவறு புலப்படுகிறது.

பாதுகாப்பு தொடர்பான மேக்ரோக்களில் இந்த மௌனம் பேரிடராகக்கூடும். 2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் குறை அறிவிக்கப்பட்டபோது, புதிய பதிப்புக்கு உடனே மாற இயலாதவர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்_நோ_ஹார்ட்பீட்ஸ் என்னும் மேக்ரோவை வரையறுத்து நூலகத்தை மறுபடி தொகுத்துக்கொள்ளலாம் என்று அதன் குழு வழிகாட்டியது. இத்தகைய எதிர்மறைப் பெயரில் கடைசி எழுத்து ஒன்று விடுபட்டாலும், முன்செயலிக்கு அது அறிமுகமில்லாத மற்றொரு மேக்ரோ மட்டுமே. தொகுப்பு வெற்றியாக முடியும், அபாயமான பகுதியோ நூலகத்திலேயே இருக்கும். ஒரு வசதியை நீக்கும் மேக்ரோவில் நேரும் எழுத்துப் பிழை அந்த வசதியைத் தக்கவைக்கிறது என்பதால், எதிர்மறைப் பெயர்களைக் கூடிய மட்டும் தவிர்ப்பது நல்லது.

பிழையாக நேரக்கூடிய இந்த மௌனத்தை ஒருவர் திட்டமிட்டே பயன்படுத்திக்கொள்ளவும் முடியும் என்பதை எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் வரலாறு காட்டியது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருப்பதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு அப்பதிப்புகள் வந்திருந்தன, நிலைப் பதிப்பு தப்பியது. அடுத்து நடந்த ஆய்வில் மற்றொரு நாசவேலையும் தெரியவந்தது. லேண்ட்லாக் என்பது ஒரு நிரல் எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று வரம்பிட லினக்ஸ் தரும் காப்பு வசதி. அது கணினியில் இருக்கிறதா என்று அறிய, ஒரு சிறு சோதனை நிரலைத் தொகுத்துப் பார்த்து, தொகுப்பு வெற்றி பெற்றால் அதற்குரிய மேக்ரோவை வரையறுக்கும் ஏற்பாடு எக்ஸ்இசட்டில் இருந்தது. சிமேக் என்னும் கட்டமைப்புக் கருவிக்கான கோப்பில், அந்தச் சோதனை நிரலின் நடுவே ஒற்றைப் புள்ளி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. இலக்கணத்துக்கு ஒவ்வாத அந்தப் புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் தொகுக்கப்படாது. மேக்ரோ ஒருபோதும் வரையறுக்கப்படாது. காப்பு வசதி இல்லாமலே மென்பொருள் உருவாகும். அந்தக் கணினியில் வசதி இல்லை என்பதும் சோதனையே பழுதாகியிருக்கிறது என்பதும் ஒரே விடையைத் தந்ததால்தான் அந்தப் புள்ளி மறைந்திருக்க முடிந்தது.

லினக்ஸ் கர்னலில் கேள்வி இன்னும் ஒரு படி சிக்கலாகிறது. 2002இல் ரோமன் சிப்பெல் உருவாக்கிக் கர்னலில் இணைக்கப்பட்ட கேகான்ஃபிக் என்னும் அமைவு முறையில், பல தெரிவுகளுக்கு இரண்டு நிலைகளுக்குப் பதிலாக மூன்று நிலைகள் உள்ளன: கர்னலுக்குள்ளேயே பிணைக்கப்படுவது, தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கூறாகத் தொகுக்கப்படுவது, அறவே இல்லாதது. ஐபிவி6 வலை நெறிமுறைக்கான தெரிவு இதற்குத் தக்க சான்று. அது உள்ளே பிணைக்கப்பட்டால் கான்ஃபிக்_ஐபிவி6 என்னும் மேக்ரோவுக்கு 1 என்ற மதிப்பு வரையறுக்கப்படுகிறது. தனிக் கூறானால் அந்தப் பெயர் வரையறுக்கப்படுவதே இல்லை. கான்ஃபிக்_ஐபிவி6_மாட்யூல் என்னும் வேறொரு பெயருக்கே 1 கிடைக்கிறது. அறவே இல்லையெனில் இரண்டுமே வரையறுக்கப்படுவதில்லை.

ஆகவே #இஃப்டெஃப் கான்ஃபிக்_ஐபிவி6 என்று மட்டும் சோதிக்கும் நிரல், ஐபிவி6 தனிக் கூறாக இருக்கும் கணினியில் அது இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. நிரலாளர் தம் கணினிக்கென எல்லாவற்றையும் உள்ளே பிணைத்துத் தொகுத்துப் பார்க்கும்போது இத்தகைய பிழை தலைகாட்டாது. பொதுமக்களுக்கு வழங்கும் பொருட்டுப் பெரும்பாலான இயக்கிகளைத் தனிக் கூறுகளாகத் தொகுக்கும் டெபியன் வழி இயங்குதளங்கள் போன்றவற்றில்தான் வெளிப்படும். எழுதியவரின் மேசையில் பழுதின்றி ஓடும் நிரல் மாணவரின் மடிக்கணினியில் குறையோடு ஓடக்கூடும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

இதைத் தவிர்க்க இரண்டு பெயர்களையும் ஒவ்வோர் இடத்திலும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருந்தது. கர்னலின் வலைப் பகுதியில் அத்தகைய இரட்டை நிபந்தனைகள் பல கோப்புகளில் பரவிக் கிடந்தன. 2011இல் மிக்கல் மாரெக் இஸ்_எனேபிள்ட் என்னும் மேக்ரோவை அறிமுகப்படுத்த, அதே ஆண்டு டிசம்பரில் எரிக் டுமாசே வலைப் பகுதியின் ஐபிவி6 சோதனைகளை அந்த ஒரே வடிவத்துக்கு மாற்றினார். உள்ளே பிணைக்கப்பட்டிருந்தாலும் தனிக் கூறாக இருந்தாலும் இஸ்_எனேபிள்ட் 1 என்று விடை தருகிறது; இல்லையெனில் 0.

இம்மேக்ரோ இயங்கும் விதம் நெருங்கிப் பார்க்கத் தக்கது. வரையறுக்கப்பட்டதா என்னும் கேள்வியை #இஃப் வரிக்கு வெளியே கேட்க முன்செயலியில் நேரடி வழி கிடையாது என்பதால், பெயர் ஒட்டும் வசதியைக் கொண்டே விடை வருவிக்கப்படுகிறது. முதலில் 'இடம்_1' என்பது போன்ற ஒரு பெயருக்கு, 0 என்ற எண்ணும் அதை அடுத்து ஒரு காற்புள்ளியும் மதிப்பாக வரையறுக்கப்படுகின்றன. பின்னர், சோதிக்க வேண்டிய மேக்ரோவின் மதிப்பு 'இடம்_' என்னும் முன்னொட்டுடன் ஒட்டப்பட்டு, அதன் பின்னால் '1, 0' சேர்க்கப்பட்டு, கிடைக்கும் பட்டியலின் இரண்டாம் உறுப்பு விடையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேக்ரோவின் மதிப்பு 1 ஆனால் ஒட்டிய பெயர் 'இடம்_1' ஆகி, அது '0,' என்று விரிந்து, பட்டியல் '0, 1, 0' என்றாவதால் இரண்டாம் உறுப்பு 1. மேக்ரோ வரையறுக்கப்படாதிருந்தால் ஒட்டிய பெயருக்கு விரிவு இல்லை. அது தன்னுடன் காற்புள்ளி எதையும் கொண்டுவராமல் அப்படியே நிற்க, அதுவும் 1உம் சேர்ந்து முதல் உறுப்பாகிவிடுவதால் இரண்டாம் உறுப்பு 0. ஒற்றைக் காற்புள்ளியின் வரவால் பட்டியலில் ஓர் இடம் தள்ளி, உண்டு என்பதும் இல்லை என்பதும் சாதாரண எண்களாகின்றன.

எண்ணாகக் கிடைப்பதால், இந்த விடையை #இஃப் வரியில் மட்டுமின்றி, சி மொழியின் வழக்கமான இஃப் கூற்றிலும் எழுத முடிகிறது. இதன் பயன் பெரிது. #இஃப் நீக்கிய பகுதியை நிரல்பெயர்ப்பி பார்ப்பதே இல்லை. அதில் இல்லாத மாறியின் பெயர் இருந்தாலும் வகைப் பிழை இருந்தாலும், அந்தத் தெரிவை யாரேனும் இயக்கித் தொகுக்கும் நாள் வரை அது வெளிவராது. இஃப் கூற்றுக்குள் எழுதினால், நிரல்பெயர்ப்பி இரு கிளைகளையும் படித்து இலக்கணமும் வகையும் சரிபார்த்து, நிபந்தனை 0 என்று தெரிந்த பின்னரே தேவையற்ற கிளையை இறுதி நிரலிலிருந்து நீக்குகிறது. ஓடும் வேகத்திலோ அளவிலோ இழப்பில்லை. கர்னலின் நிரல் எழுதும் நெறிமுறை ஆவணமும், இயன்ற இடங்களில் இந்த வடிவத்தையே பரிந்துரைக்கிறது.

இஸ்_எனேபிள்டுக்கும் எல்லைகள் உண்டு. கர்னலுக்குள் பிணைக்கப்பட்ட ஒரு பகுதி, தனிக் கூறில் உள்ள ஒரு செயற்கூற்றை நேரடியாக அழைக்க முடியாது. அத்தகைய இடத்தில் இஸ்_எனேபிள்ட் 1 என்று சொல்லிவிட்டால் தொகுப்பின் இறுதிக் கட்டமான இணைப்பு தோற்றுப்போகும். இதற்கென 2015இல் ஆர்ண்ட் பெர்க்மன் சேர்த்த இஸ்_ரீச்சபிள், அழைக்கப்படும் பகுதி உள்ளே பிணைக்கப்பட்டிருந்தாலோ, அழைக்கும் பகுதியும் தனிக் கூறாக இருந்தாலோ மட்டும் 1 தருகிறது. மேலும், கான்ஃபிக்_ என்னும் முன்னொட்டை மறந்து வெறுமே ஐபிவி6 என்று எழுதினாலும், பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் இஸ்_எனேபிள்ட் மௌனமாக 0 என்றே விடையளிக்கும். எனவேதான் செக்பேட்ச் என்னும் சரிபார்ப்பு நிரல் முன்னொட்டு விடுபட்ட இடங்களைச் சுட்டிக்காட்டுகிறது. கேகான்ஃபிக் கோப்புகளில் இல்லாத பெயர்களை மூலநிரலில் தேடித் தரும் தனிக் கருவியும் கர்னலுடன் வருகிறது.

இத்தகைய தவறுகள் எவ்வளவு பரவலானவை என்பதை ஜெர்மனியின் எர்லாங்கன்-நூரன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் அளந்து காட்டினர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமைவுத் தெரிவுகள் கொண்ட லினக்ஸ் மூலநிரலில், எந்த அமைவிலும் தொகுக்கப்படவே முடியாத பகுதிகளும், நிபந்தனைக்கு உட்பட்டவை போலத் தோன்றி உண்மையில் எப்போதும் தொகுக்கப்படும் பகுதிகளுமாக 1,776 குறைகளை அவர்களின் கருவி கண்டறிந்தது. உலகின் தேர்ந்த நிரலாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் படித்துச் சரிபார்க்கும் நிரலிலேயே இத்தனை தங்கியிருந்தன என்றால், கூர்ந்து படிப்பதை மட்டும் நம்பி இச்சிக்கலைத் தீர்க்க முடியாது என்பது தெளிவு. கருவியே தவறைச் சொல்லும்படி நிரலை எழுதுவதுதான் வழி.

அதற்கான நெறிகள் கடினமானவை அல்ல. ஒரு திட்டத்தின் அமைவு மேக்ரோ ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1 என்று வெளிப்படையாக மதிப்பளித்து, எல்லா இடங்களிலும் #இஃப் கொண்டு மதிப்பையே சோதிப்பது முதல் நெறி. அதனுடன், ஜிசிசியின் -டபிள்யூஅன்டெஃப் என்னும் எச்சரிக்கைத் தெரிவை இயக்கினால், வரையறுக்கப்படாத பெயர் #இஃப் வரியில் வரும்போதெல்லாம் எச்சரிக்கை எழும். வழக்கமாக எல்லோரும் பயன்படுத்தும் -டபிள்யூஆல் தெரிவில் இது அடங்காது என்பதால், தனியே கேட்டுப் பெற வேண்டும். எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றித் தொகுப்பை நிறுத்தச் செய்வது இன்னும் சிறப்பு. லினக்ஸ் கர்னலும் இந்தத் தெரிவுடனேயே தொகுக்கப்படுகிறது.

மேக்ரோவை அடைப்புக்குறியுடன் கூடிய செயற்கூறு வடிவில் வரையறுத்து, #இஃப் வலை_வசதி() என்று சோதிப்பது மற்றொரு வழி. பெயர் வரையறுக்கப்படாவிட்டாலோ தவறாக எழுதப்பட்டாலோ, அது 0 ஆகி அதன் பின்னால் அடைப்புக்குறி மட்டும் பொருந்தாமல் நிற்கும். அது இலக்கணப் பிழையாதலால், எந்தத் தனித் தெரிவும் இன்றியே தொகுப்பு நின்றுவிடும். அமைவுத் தலைப்புக் கோப்பு எல்லா மூலக் கோப்புகளுக்கும் தவறாமல் சென்று சேர வேண்டும் என்பதும் இன்றியமையாதது. ஒரு கோப்பு அதைப் பெற்று மற்றொன்று பெறாவிட்டால், ஒரே தரவு அமைப்புக்கு இரு கோப்புகளில் இரு வேறு அளவுகள் உண்டாகி நினைவகம் சிதையும். கர்னல் இதை நிரலாளரின் நினைவாற்றலுக்கு விட்டுவிடாமல், தொகுக்கும் ஆணையிலேயே அந்தக் கோப்பை ஒவ்வொன்றிலும் கட்டாயமாகச் சேர்த்துவிடுகிறது. இறுதியாக, எல்லாம் இயக்கிய அமைவு, எல்லாம் நீக்கிய அமைவு, எல்லாம் தனிக் கூறான அமைவு, தற்செயலாகத் தெரிவு செய்த அமைவு எனப் பல வடிவங்களில் தொகுத்துப் பார்க்காத நிரலைச் சோதிக்கப்பட்டதாகக் கருதக் கூடாது.

இந்தியாவிலேயே செயலிகள் வடிவமைக்கப்படும் இக்காலத்தில் இந்த ஒழுங்கின் தேவை கூடியிருக்கிறது. சக்தி செயலியை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் உருவாக்கிய விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. புதிய செயலிக்கு மென்பொருள் கொண்டுசேர்க்கும் பணியில் பெரும்பகுதி, பிற செயலிகளுக்காக எழுதப்பட்ட நிரலின் அமைவுகளைப் புதிய வன்பொருளுக்கு ஏற்ப ஒவ்வொன்றாக நிறுவுவதே. பழைய வன்பொருளில் தற்செயலாகச் சரியாக இருந்த மௌனமான 0 ஒவ்வொன்றும் புதிய வன்பொருளில் பிழையாக மாறக்கூடும்.

லினக்ஸ் நிறுவிய எந்த மடிக்கணினியிலும், கீழ்பென்னாத்தூரில் சி++ பயிலத் தொடங்கும் மாணவராலும், இதைச் சில நிமிடங்களில் சோதித்தறிய முடியும். எங்கும் வரையறுக்கப்படாத, தாமே புனைந்த இரண்டு பெயர்கள் சமமா என்று #இஃப் வரியில் கேட்டு, உண்மையானால் ஒரு சொல்லை அச்சிடும் சிறு நிரலை எழுதித் தொகுத்து ஓடவிட்டால், அச்சொல் திரையில் வரும். -டபிள்யூஅன்டெஃப் சேர்த்து மறுபடி தொகுத்தால், இரு பெயர்களும் வரையறுக்கப்படவில்லை என்று நிரல்பெயர்ப்பி அவற்றைப் பெயர் சொல்லிக் காட்டும். இவ்விரு தொகுப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தவர், தாம் பிற்காலத்தில் எழுதும் பெரிய நிரல்களிலும், விடை கிடைக்காத கேள்வி தொகுப்பை நிறுத்த வேண்டும் என்பதை மாறாத விதியாகக் கொள்வார்.